கவலையை யாரிடம் சொல்வது?



மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். நூல் நூற்கவே தெரியாத வயல்வெளிப் பூக்களுக்குச் சாலமோன் அரசனின் ஆடையிலும் மேலான அழகைத் தந்த தந்தை உங்களை மறப்பாரா என்று இயேசு கேட்கும் பகுதி அது. பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சிஸ்டர், எங்கள் அப்பா ஒரு வாரம் தறியில் உட்காராவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. பூவுக்குச் சொன்னது எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டு நெய்யும் ஊரில்தான் இப்படி ஒரு கேள்வி பிறக்கும்.

நம் ஊர்த் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடிக்கொண்டால் பாவு காயாது. குழித்தறியில் ஈரம் ஏறும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். பாவை விரிக்குமுன் தகப்பனார் வானத்தை அண்ணாந்து பார்க்கிறாரே, அது கவலையன்று, விவேகம். நாளை மழை வந்துவிடுமோ என்று இரவெல்லாம் புரண்டு படுப்பதுதான் கவலை. அப்படிப் படுத்ததால் எந்த மேகமும் கலைந்ததில்லை. இயேசு தச்சு வேலை செய்தவர். மீனவர்களோடு நடந்தவர். உழைக்காதே என்று அவர் சொல்லவில்லை. பறவைகளையும் அவர் உவமையாகக் காட்டினார். பறவை கூட்டிலேயே இருந்தால் இரை வருமா? அதுவும் பறந்து தேடத்தான் வேண்டும்.

இவ்வளவையும் சொன்னேன். அந்த மாணவி தலையசைத்தாள், ஆனால் முகம் தெளியவில்லை. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியது புனித தேவசகாயத்தின் கதை. பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் அரண்மனை அலுவலர். மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் இழப்பின்மேல் இழப்பு வந்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. மனம் வாடியிருந்த அவர் அதைத் தம்முடன் பழகிய ஓர் அயல்நாட்டாரிடம் சொன்னார். அவர்தாம் டி லனாய். 1741-இல் கொளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தவர். நம் வரலாற்றுப் புத்தகங்கள் அவரைப் போருக்காக நினைவில் வைத்திருக்கின்றன. எனக்கோ அவர் நண்பருக்குச் சொன்ன ஆறுதலே பெரிதாகத் தோன்றுகிறது. தாமே நாட்டையும் விடுதலையையும் இழந்தவரல்லவா?

டி லனாய் சொன்னது விவிலியத்திலுள்ள யோபுவின் கதை. ஆடு, மாடு, ஒட்டகம், பிள்ளைகள் அனைத்தையும் இழந்தவர் யோபு. ஒன்றைக் கவனியுங்கள். 42 அதிகாரங்கள் உள்ள அந்நூலில் யோபு பொறுமையாக வாய்மூடி இருந்தது தொடக்கத்தில் மட்டுமே. பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளிடம் முறையிடுகிறார், வழக்காடுகிறார், அழுகிறார். கடவுள் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை. மாறாக, கடவுளுக்காகப் பேசுவதாக எண்ணி யோபுவைக் குறை சொன்ன நண்பர்களையே கடிந்துகொண்டார். நம்மில் பலர் செபத்தில் நல்ல சொற்களை மட்டும் அடுக்குகிறோம். பயமாக இருக்கிறது, கணக்குப் பாடம் புரியவில்லை, அப்பாவின் கடன் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்வதும் செபமே.

நீலகண்டன் 1745-ஆம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளின் உதவி என்பது பொருள். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார்.

இனிமேல் எல்லாம் நலமாயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். யோபுவுக்கு இழந்த செல்வம் இரு மடங்காகத் திரும்பியது. தேவசகாயத்துக்கு அப்படி நடக்கவில்லை. அவரது மனமாற்றமும், சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் அவர் பழகியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. 1749-இல் பதவி போயிற்று. கையிலும் காலிலும் விலங்கு ஏறியது. எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்று அவமானப்படுத்தினார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை, அடி, பசி. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கவலையைக் கடவுளிடம் ஒப்படைத்தால் காரியம் நடந்துவிடும் என்று உங்களுக்குக் கற்பித்தால் நான் பொய் சொன்னவளாவேன். தேர்வு தவறலாம். பட்டு நூல் விலை ஏறத்தான் செய்யும். தேவசகாயத்திடம் மாறியது வேறு. மாடு செத்ததற்காகக் கலங்கி நின்ற அதே மனிதரிடம், சிறையில் கிடந்தபோது, மக்கள் தேடிவந்து தங்கள் துன்பங்களைச் சொல்லி ஆறுதலும் செபமும் கேட்டார்கள். அவர் இழந்தவை முன்பைவிட மிகுதி. ஆனால் கலக்கம் அவரை ஆளவில்லை. தந்தையின் கை தம்மை விடவில்லை என்பதை விலங்குக்குள்ளேயே கண்டுகொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் பெண்பிள்ளைகள், பலவற்றை உள்ளுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள். நீலகண்டன் வாய் திறந்து சொன்னதால்தான் டி லனாய்க்குத் தெரிந்தது. கடவுளின் உதவி அவருக்கு உடன் பழகிய ஒருவரின் வாய்ச்சொல்லாக வந்தது. கோவிலில் மண்டியிட்டுச் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, விடுதிச் சகோதரியிடமோ சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை அப்படிச் சொல்ல வரும்போது, இந்த வயதில் உனக்கென்ன கவலை என்று தயவுசெய்து தட்டிவிடாதீர்கள்.

தேவசகாயத்தின் உடல் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே, குருவுமல்லர், துறவியுமல்லர், மனைவியோடு வாழ்ந்த குடும்பத்தவர். அவரது திருநாள் சனவரி 14, நம் வீடுகளில் பொங்கலுக்குக் கோலமிடும் நேரம். பிள்ளையார்பாளையத்து மாணவி இதைப் படித்தால், அந்த விடுமுறை முடிந்து வந்ததும் என்னை ஒருமுறை பார்க்கட்டும். அவள் கேள்வியின் மிச்சத்தை நான் இன்னும் கேட்கவில்லை.