டிசம்பரில் பார்த்த வீடு

மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றான பிறகு, பெருநகர வாடகையில் களைத்த பலர் திருவனந்தபுரத்தில் வீடு தேடுகிறார்கள். டிசம்பர் விடுமுறையில் கோவளத்துக்கோ வர்க்கலைக்கோ வருகிறார்கள். வானம் தெளிந்து கடல் அடங்கிக் கிடக்கும் நாளில் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அவசரத்துக்குக் காரணமான நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: கடலுக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு நல்லது.

உண்மை: இந்தக் கரை நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது, விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் கடற்கரைச் சாலை இடிந்து விழுந்தது. பக்கத்து வலியதுறையில் கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பழைய கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. காற்றும் மழையும் இல்லாத நாளிலும் கடல் ஏறும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்காற்று எழுப்பிய அலைகள், சில நாள் கழித்து இங்கே வந்து மோதும். திருடனைப் போல வருவதால் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 அன்று பூந்துறை உள்ளிட்ட கரையோரங்களில் அது வீடுகளுக்குள் புகுந்தது. எனவே தரகரிடம் பேசும் முன், கரையில் வலை சீராக்கும் ஒருவரிடம் போய், "சேட்டா, தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள்.

நம்பிக்கை: உள்ளே தள்ளி, டெக்னோபார்க் ஐடி வளாகத்தின் பக்கம் எடுத்தால் வெள்ளப் பயமில்லை.

உண்மை: 2023 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் தெற்றியாறு பெருகி, கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றிய பகுதிகளில் தண்ணீர் ஏறியது. நகருக்குள் ஆமையிழஞ்சான் கால்வாயை ஒட்டிய கௌரீசபட்டமும் மூழ்கியது. குன்றும் பள்ளமுமான ஊர் இது. கடல் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, தெரு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கவடியார், பேரூர்க்கடை போன்ற மேட்டுப்பகுதியில் குடியிருந்தாலும் மாலையில் கடற்கரைக்குப் போய் வரலாம்.

நம்பிக்கை: கேரளத்தில் இணையத்துக்குக் குறைவில்லை.

உண்மை: பாதிதான் சரி. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த மாநிலம் இது. 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இணையத் திட்டத்தையும் தொடங்கியது. ஆனால் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்களிலேயே தொங்கி வருகிறது. ஒரு பலாக்கிளை முறிந்து விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். ஐப்பசியில் வரும் துலாவர்ஷம் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின் இடி மின்னலோடு கொட்டும். வெளிநாட்டுக்காரர்களுடன் பேச வேண்டிய நேரமும் அதுவே. இன்வெர்ட்டர் கட்டாயம். மேசை போடப்போகும் அறையில் நின்று, கைபேசியில் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: கடற்காற்று இருக்க, ஏசி எதற்கு?

உண்மை: மார்ச் முதல் மே வரை காற்றிலுள்ள ஈரம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் உப்பும் உண்டு. ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி, மடிக்கணினியின் செருகுவாய் எல்லாவற்றையும் அது மெல்ல அரிக்கும். அலைக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டில் பழுதுச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நம்பிக்கை: மலையாளம் தெரியாவிட்டால் தடுமாற வேண்டும்.

உண்மை: 1956 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் இந்த ஊரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. ‘சாலை’ என்ற கடைத்தெருவில் இன்றும் தமிழில் பேரம் பேசலாம். அதற்காக மலையாளம் கற்காமல் இருந்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தார் தரும் எச்சரிக்கை மலையாளத்தில்தான் வரும்.

இங்கே மழை இரண்டு முறை வரும்: ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த இரண்டில் ஒன்றில் ஒரு வாரம் இங்கே தங்கிப் பாருங்கள். சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்பதை மழைநாளில் வந்தவரே காண்பார்.