பனியைத் தாங்கும் ரோசா
வீட்டுத்தோட்டம்: புதியவர்களுக்கு ஒரு பாடம்

ரொறன்ரோவிலும் அயல் நகரங்களிலும் நம்மவர் பலர் வீட்டு முற்றத்தில் ரோசா வைக்கிறார்கள். மே மாதம் பூவோடு வாங்கிவந்த கன்று, அடுத்த மே மாதம் காய்ந்த தடியாக நிற்கிறது. "இந்த நாட்டில் எனக்குக் கைராசி இல்லை" என்று அம்மாவோ அம்மம்மாவோ சலித்துக்கொள்வார். ஊரில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் பூத்துக் குலுங்க வளர்த்த கைகள் அவை. குறை கையில் இல்லை, வாங்கிய கன்றில்தான்.

1. கன்று ஏன் சாகிறது?

கடைகளில் கண்ணைக் கவரும் 'ஹைபிரிட் ரீ' ரோசாக்களில் பெரும்பாலானவை ஒட்டுக்கன்றுகள். ஒட்டு மாங்கன்று போலவே, வேர் ஓரினம், மேற்பகுதி வேறினம். கடுங்குளிரில் மேற்பகுதி செத்துவிடும், அடிக்கட்டை தப்பிவிடும். வசந்தத்தில் அதிலிருந்து தளிர் வந்ததும் கன்று பிழைத்துவிட்டதென்று மகிழ்வோம். ஆனால், மஞ்சள் ரோசா நின்ற இடத்தில் கருஞ்சிவப்புப் பூ பூக்கும். அது 'டொக்டர் ஹியூயி' என்ற அடிக்கட்டையின் பூ. 'மல்ரிஃபுளோரா' அடிக்கட்டையானால் சிறிய வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும்.

சொந்த வேரில் வளர்ந்த கன்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேலே பட்டுப்போனாலும் அடியிலிருந்து அதே இனமே தளிர்க்கும். ஆகவே 'ஓன் ரூட்' கன்றா என்று கேட்டு வாங்குங்கள். பெயர்ச்சீட்டில் 'சோன்' இலக்கத்தையும் பாருங்கள். இலக்கம் குறையக் குறையக் குளிர் தாங்கும் சக்தி கூடும். 5 அல்லது அதற்குக் குறைந்தது நல்லது.

2. எதை வாங்கலாம்?

ஒஸ்ரியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய ஃபெலிசிற்றாஸ் ஸ்வேய்டா என்ற பெண் விஞ்ஞானி, 1960களில் ஒட்டாவாவிலுள்ள அரசாங்க ஆய்வுப் பண்ணையில் இந்நாட்டுக் குளிரைத் தாங்கும் ரோசாக்களை உருவாக்கத் தொடங்கினார். அவற்றுக்கு நாடுகாண் பயணிகளின் பெயர்கள் இடப்பட்டன. 'எக்ஸ்புளோரர்' ரோசாக்கள் என்பவை இவையே.

- வில்லியம் பஃபின் (1983): இளஞ்சிவப்பு. வேலியில் படரவிடலாம். உயரமாக வளரும்.
- ஹான்சா (1905): ஊதா கலந்த சிவப்பு. கராம்பு வாசனை.
- பிளாங் டூப்ள் டி கூபேர் (1892): வெள்ளை. மிகுந்த வாசனை.
- கனேடியன் ஷீல்ட் (2017): சிவப்பு. ஒன்ராறியோவின் வைன்லாண்ட் ஆய்வு நிலையத்தின் வெளியீடு.

நடுவிலுள்ள இரண்டும் 'ரூகோசா' இனத்தவை. முள் அதிகம். ஆனால் வீதிக்குப் போடும் உப்பையும் ஓரளவு தாங்குவதால், முன்முற்றத்துக்கு ஏற்றவை.

நான் கணக்காளன், கணக்காகவே சொல்கிறேன். கன்றின் விலை ஒருமுறைச் செலவு. குளிர்ப் பாதுகாப்பும் மருந்தும் மறுகன்றும் ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவு. மலிவான கன்றை மூன்று முறை வாங்குபவர் மலிவாக வாங்கியவர் அல்லர்.

3. நடுதல்

நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது படும், தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். உறைபனி நீங்கிய மே பிற்பகுதியில் 18 அங்குல அகலமும் ஆழமுமான கிடங்கு வெட்டி, மண்ணோடு மக்கிய எரு கலந்து நடுங்கள். கன்றுகளுக்கிடையே 3 அடியாவது விடுங்கள். படரும் இனத்துக்கு இன்னும் கூடுதலாக விடவேண்டும்.

4. பராமரிப்பு

முதலாண்டில், மழை இல்லாத வாரங்களில் ஓரிரு முறை அடியில் ஆழமாக நீர் விடுங்கள். இலையை நனைத்தால் கரும்புள்ளி நோய் பரவும். அடியைச் சுற்றி 2 அல்லது 3 அங்குலத்துக்கு மரச்செதில் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும். வசந்தத்தில் ஆட்டெரு போதும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் உரம் வேண்டாம். இளந்தளிர் குளிரில் கருகிவிடும். கத்தரிப்பதும் இலையுதிர்காலத்தில் அல்ல, மொட்டு வீங்கும் ஏப்ரலில்தான்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், அழகுக்காகத் தோட்டத்தில் இரசாயனப் பூச்சிகொல்லி அடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. நோய் தாங்கும் இனத்தைத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். யூலையில் யப்பானிய வண்டு வந்தால், அதிகாலையில் சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிடுங்கள். மருந்து படாத பூவை மனத்தாங்கலின்றிச் சுவாமிக்கும் சாத்தலாம்.

5. பிடுங்குமுன்

பனி கரைந்ததும் கன்று செத்ததுபோல் தோன்றும். மே முடியும்வரை பொறுங்கள். தடியை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் அவசரம் வேண்டாம். சொந்த வேருள்ள கன்று மண்ணுக்குள்ளிருந்து மீண்டும் வரக்கூடும்.