நோர்வே குடியுரிமைத் தேர்வு எழுதப் போகிறீர்களா?

ரொம்சோஸ் வாசகர்களுக்கு: கேள்விகள் 36. தேறுவதற்கு 24 சரியாக இருக்க வேண்டும்.

1. விடையை நோர்வேஜிய மொழியிலேயே சொல்லிப் பழகுங்கள். தேர்வு தமிழில் இல்லை.

2. ஆண்டுகளை வரிசையாகக் கோத்துப் படியுங்கள்: 1814 மே 17 அரசியலமைப்பு, 1905 சுவீடனிலிருந்து பிரிவு, 1913 பெண்களுக்குப் பொது வாக்குரிமை, 1940 ஏப்ரல் 9 ஜெர்மன் படையெடுப்பு, 1945 மே 8 விடுதலை. தனித்தனியே படித்தால் 1814உம் 1905உம் நிச்சயம் குழம்பும்.

3. நாடாளுமன்றப் பகுதியை இருமுறை படியுங்கள். 169 உறுப்பினர்கள், நான்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல், இடையில் கலைக்க முடியாது. நம் ஊர் நாடாளுமன்ற நினைவில் ‘கலைக்கலாம்’ என்றே கை போகும்.

4. மெட்ரோவில் போகும்போது பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பாடசாலையில் படிப்பதும் இதைத்தான். உச்சரிப்பையும் திருத்துவார்கள், கோபப்படாதீர்கள்.

5. காலாவதியாகாத கடவுச்சீட்டை முதல் நாளே பையில் வையுங்கள். அடையாளம் காட்டாமல் எழுத முடியாது.