முதலாளியும் நீங்களே, டிரைவரும் நீங்களே

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் மண்டிக்குப் போங்கள். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வாங்கி ஓட்டிப் பிழைக்கலாம் என்று கேட்டு வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் ஊரில் லோடு எங்கே ஏறுகிறது, என்ன ஏறுகிறது, எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். ஸ்டாண்டில் நாலு வண்டிக்காரர்களோடு டீ குடித்துப் பேசுங்கள். எந்த வண்டி வாங்குவது என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துணி ஒரே கூரையின் கீழ் தயாராவதில்லை. நிட்டிங்கில் ஓடி, சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். தூரம் குறைவு, நடை அதிகம், சந்துகள் குறுகல். 750 கிலோ ஏற்றும் குட்டியானை அதற்குப் போதும். 2005-இல் டாடா ஏஸ் வந்ததே, மூன்று சக்கர லோடு ஆட்டோ செய்துகொண்டிருந்த இந்த மாதிரி வேலையைக் குறிவைத்துத்தான். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி, வெண்டை ஏற்றி இரவோடு இரவாக வெளியூர் போவதென்றால் எடையும் கூடும், தூரமும் கூடும். ஒன்றேகால் டன் தூக்கும் தோஸ்த், அதற்கும் மேலே பொலிரோ பிக்கப் என்று போக வேண்டியிருக்கும். ஊருக்குள்ளேயே தினம் 60, 70 கி.மீ. மட்டும் ஓட்டப்போகிறவர் சி.என்.ஜி., மின்சார வண்டிகளையும் விசாரிக்க வேண்டும். பாரமும் மேடும் தூரமும் இருந்தால்தான் டீசல் வண்டிக்குக் காசு போட்டதற்குப் பலன்.

அடுத்தது கணக்கு. பலர் விழுவது இங்கேதான். சொந்த வண்டியை ஓட்டுகிறவர் தனக்குச் சம்பளம் எழுதுவதில்லை. வாடகையில் டீசல் போக மிச்சமெல்லாம் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார். வண்டிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: முதலாளி ஒருவர், டிரைவர் ஒருவர். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். போக 75, வர 75, மொத்தம் 150 கி.மீ. வாடகை ரூ.3,000. லிட்டருக்கு 12 கி.மீ. கிடைக்கிறது, டீசல் ரூ.92 என்றால் 12.5 லிட்டருக்கு ரூ.1,150. டயர், ஆயில், கிளட்ச், பிரேக் இவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ரூ.2 வீதம் ரூ.300 ஒதுக்குங்கள். டோல், சில்லறைச் செலவு ரூ.150. டிரைவர் சம்பளம், அதாவது உங்கள் சம்பளம், ரூ.800. ஆக ரூ.2,400 போய்விட்டது. முதலாளிக்கு மிச்சம் ரூ.600. மாதம் 22 நடை ஓடினால் ரூ.13,200. இதில் மாத டியூ ரூ.15,000, இன்ஷூரன்ஸுக்கு ரூ.2,500 என்று வைத்தால் ரூ.4,300 இடிக்கிறது. வண்டி நாள் தவறாமல் ஓடுகிறது, வீட்டில் பணம் நிற்கவில்லை என்று புலம்பும் குடும்பங்களில் நடப்பது இதுதான். டிரைவரின் கூலியை எடுத்து முதலாளியின் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப்போடுவது ரிட்டன் லோடு. 22 நடையில் பாதி நாளாவது வரும்போது ரூ.700-க்கு எதையாவது ஏற்றி வந்தால் ரூ.7,700 சேரும். இடித்த கணக்கு நிமிர்ந்துவிடும், மேலே ரூ.3,400 நிற்கும். அதனால் போகிற ஊரிலும் உங்களுக்கு ஆள் வேண்டும். ஒரு புக்கிங் ஆபீஸ், ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு தீவனக் கடை, யாராவது மூன்று பேர் உங்கள் நம்பரை வைத்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் அந்த மூன்று ஆறாகும். ஏற்றுகூலி, இறக்குகூலி யார் கொடுப்பது, வெயிட்டிங் எத்தனை மணி நேரத்துக்கு மேல் காசு என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள். இறக்கும் இடத்தில் பேசினால் சண்டைதான் வரும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? காலையில், இன்ஜின் சூடேறுவதற்கு முன்னால் போங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்று பொருள், செலவு பெரிது. கீழே குனிந்து பாருங்கள். கூடுதலாகப் பட்டை போட்டிருந்தால் அந்த வண்டி ஓவர்லோடு அடித்த வண்டி. சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, செலான் பாக்கி இருக்கிறதா, எஃப்.சி. எதுவரை என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள். வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். பழைய வண்டியின் விலையைப் பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

தாள்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்ஜ் இல்லாமல் மஞ்சள் போர்டு ஓட்டக்கூடாது என்று இன்னமும் பயமுறுத்துகிறார்கள். இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டும் தேவையில்லை. பெரிய பிக்கப்புகளில் சில இந்த எடையைத் தாண்டும், ஆர்.சி.யைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதில் மூன்று விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கிறது. ஊருக்குள் இரண்டு கி.மீ. ஓட்டுவது, நிறுத்துவது என்றே இருந்தால் அது சூடேறாது, கரி அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். பைபாஸில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது, மலை இறக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும்.

மூன்றாவது, பாரம். பாஸிங் எவ்வளவோ அவ்வளவுதான். ஓவர்லோடுக்குச் சட்டம் சொல்லும் அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. மேலே போட்ட கணக்கில் மாதம் மிஞ்சியது ரூ.3,400 என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு அபராதம் ஆறு மாத லாபத்தை விழுங்கிவிடும்.

கடைசியாக, நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. கோயில் திருவிழா, கல்யாணம், நாற்று நடவு என்று பின்னால் ஆட்களை ஏற்றிக் கூட்டிப் போகச் சொல்வார்கள். கேட்பவர் மாமாவாகவும் அத்தையாகவும் இருப்பார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கிலேயே சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் இழப்பீடு உரிமையாளர் தலையில்தான் விடியும். அதைவிடப் பெரிய விஷயம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாத அந்தத் தொட்டியில் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள். கூலிக்கு ஓட்டும் டிரைவரால் முதலாளி சொன்னதை மறுக்க முடியாமல் போகலாம். உங்களுக்கு மேலே முதலாளி யாரும் இல்லை. முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஒரு வேன் பேசிக் கொடுங்கள்.