மகனை விடுவது மகனை இழப்பதல்ல

கேள்வி: நான் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் விதவை. வயது 56. என் வீட்டுக்காரர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். 2001-இல் மைன்ஸை மூடியபோது என் ஒரே மகனுக்கு எட்டு வயது. சில வருடங்களில் அவர் மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தார். தையல் தைத்து மகனைப் படிக்க வைத்தேன். பத்து வருடமாக அவன் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறான். அவன் வந்து படியேறும்வரை எனக்குச் சோறு இறங்காது. "பங்காருப்பேட்டை வந்துட்டியா" என்று போன் போட்டுக்கொண்டே இருப்பேன். போன வருடம் கல்யாணம் ஆனது. இப்போது பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, "நீங்களும் வாங்கம்மா" என்கிறான். அவங்க அப்பா கல்லறை இருக்கும் ஊரை விட்டு நான் எப்படிப் போவேன்? அவனையும் விட முடியவில்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. மருமகளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மா, "இது ஆத்துமக் கட்டு, மூன்று நாள் உபவாசமிருந்து காணிக்கை வைத்து அறுக்காவிட்டால் மகனுக்கு ஆபத்து" என்கிறார். பெற்ற பிள்ளையை நேசிப்பது பாவமா ஐயா?

பதில்: அன்புச் சகோதரி,

பாவமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அடுத்து, மகனுக்கு ஆபத்து வரும் என்று பயமுறுத்திக் காணிக்கை கேட்கும் இடத்துக்கு இனிப் போகாதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் தாயை மேலும் பயமுறுத்துவது கிறிஸ்துவின் வழியல்ல.

'ஆத்துமக் கட்டு' என்ற உபதேசத்துக்குச் சிலர் 1 சாமுவேல் 18-ஐக் காட்டுவார்கள். யோனத்தானின் ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடு இணைந்திருந்ததாக அங்கே வாசிக்கிறோம். வேதம் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். தாவீதின் உயிருக்கு ஆபத்து வந்தபோது அதே யோனத்தான் அழுதபடி அவனைச் சமாதானத்தோடு அனுப்பிவிட்டு, தான் நகரத்துக்குத் திரும்புகிறான். இணைந்திருப்பதில் தவறில்லை. அனுப்ப வேண்டிய வேளையில் அனுப்ப முடியாமல் போவதுதான் நோய்.

அனுப்ப வேண்டிய அந்த வேளை உங்களுக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? உங்கள் ஊரை நினைத்துப் பார்த்தேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதுவரை, ஏறக்குறைய 120 ஆண்டுகள், கோலார் தங்கவயலின் பெண்கள் காத்திருந்தார்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆண்கள் இறங்கினார்கள். அடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும். அடுப்படியில் நிற்பவள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, போன மனுஷன் ஏறி வருவானா என்று ஜெபிப்பாள். அன்று அது நியாயமான பயம். சுரங்கம் மூடியபின்னும் தூசி படிந்த நுரையீரல் எத்தனையோ வீடுகளில் உயிரைக் கேட்டது.

சகோதரி, உங்கள் மகன் ரயிலில் போகிறான், நீங்களோ அவனைச் சுரங்கத்தில் இறக்கிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். கணவருக்காக விழித்திருந்த கண்கள் இன்னும் மூடவில்லை. இதைப் பிசாசு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆறாத துக்கம் இது. பயம் உங்கள் வீட்டில் நெடுநாள் தங்கி, அன்பின் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டிருக்கிறது. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். ஆகவே உங்களுக்கு வேண்டிய விடுதலை பயத்திலிருந்துதான், பாசத்திலிருந்து அல்ல.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மகனுக்கு நல்லது நடக்கும்போது அன்பு சந்தோஷப்படும். தன்னிடமிருந்து ஏதோ பறிபோனதாகப் பயம் நினைக்கும். அன்பு மருமகளையும் வீட்டுப் பிள்ளையாக எண்ணும். பயம் அவளைத் திருட வந்தவளாகப் பார்க்கும். மகன் நினைவு எழும்போது அன்பு தேவனிடம் போகும். பயம் போனை எடுக்கும். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: தேவன் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் மகனை வைத்துவிட்டேனா? அந்த இடம் எந்தப் பிள்ளைக்கும் தாங்க முடியாத பாரம்.

பரிசுத்தரென்று சபை கொண்டாடும் தாய்மாரும் இந்தப் பாதையில் நடந்தவர்களே. 383-ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். மகன் அகஸ்டின் ரோமுக்குப் புறப்படுகிறார். தாய் மோனிகா அவரை இறுகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நண்பனை வழியனுப்பப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, அவர் இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார். தாய் அந்த இரவெல்லாம் அருகிலிருந்த ஆலயத்தில் அழுது ஜெபித்தாள். மகன் போகக் கூடாது என்பதுதான் ஜெபம். அன்றைக்கு அது கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அகஸ்டினை மிலான் வரை கொண்டுபோனது. அங்கே 387-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். மகன் மனந்திரும்ப வேண்டும் என்ற தாயின் பல்லாண்டு ஜெபம் அங்கேதான் நிறைவேறியது. மகனைக் கூடவே வைத்துக்கொள்ளும் அந்தத் தவிப்பில் அளவு மிஞ்சிய ஒன்று இருந்ததென்று மகனே பிற்பாடு எழுதினார். தாயை அவர் உயிராக நேசித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்லறையைப் பற்றிக் கேட்டீர்கள். மோனிகாவுக்கும் அந்தக் கவலை இருந்தது. சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று இடம்கூட ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். கடைசியில் இத்தாலியின் ஓஸ்தியாவில் படுக்கையில் விழுந்தபோது, உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், கர்த்தருடைய பலிபீடத்தண்டையில் என்னை நினைத்தால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு உங்கள் வயதுதான், 56. அந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. நீங்களும் மெதுவாக வரலாம்.

இனிச் செய்ய வேண்டியவை. மூன்று வாரத் தூக்கமின்மையைச் சும்மா விடக் கூடாது. உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவல்ல, லூக்காவும் வைத்தியர்தான்.

ராத்திரி போன் ஒன்றே ஒன்று போதும். இரண்டாவது முறை போட மனம் துடிக்கும்போது, மகன் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இவன் உம்முடைய கையில்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். கணவருக்காக அழ வேண்டியதை உங்கள் போதகரிடமோ நம்பிக்கையான ஒரு தோழியிடமோ அழுது தீருங்கள். அந்த அழுகைக்கு மகனைத் துணையாக்க வேண்டாம். ஊரைவிட்டுப் போவதா என்ற முடிவை இப்போதே எடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு வாரம் மகன் வீட்டில் போய் இருந்து பாருங்கள்.

இதை உங்கள் மகனும் வாசிக்கட்டும். தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இணைவது தேவன் வைத்த ஒழுங்கு. சிலுவையில் தொங்கிய வேளையிலும் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தவர் இயேசு. இரண்டும் சேர்ந்ததுதான் பிள்ளையின் கடமை, தம்பி.

கடைசியாக, நீங்கள் தையல்காரி என்பதால் அன்னாளைச் சொல்கிறேன். அழுது பெற்ற, அப்போது அவளுக்கிருந்த ஒரே பிள்ளையான சாமுவேலைச் சீலோவில் விட்டுவிட்டு வந்தவள் அவள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். எதிரில் இல்லாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே அளவெடுத்துத் தைத்திருப்பாள். விட்டுக்கொடுத்த தாயின் அன்பு அப்படித்தான் இருக்கும்.

உங்கள் மிஷினில் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மருமகளைக் கூப்பிட்டு அளவெடுத்து, அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுங்கள்.