அடிக்கல்லுக்கு முன்னும் சாவிக்குப் பின்னும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

றக்வானப் பக்கத்துத் தோட்டங்களில் தனிவீட்டுப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது, “எப்ப அடிக்கல் வைப்பாங்க?” அடுத்து வருவது, “யாரு தாறாங்க?” கேட்க வேண்டியவை வேறு இரண்டு: வேலை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? அந்தக் கட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இவற்றைக் கேட்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: அடிக்கல் வைக்கும் நாளில்தான் திட்டம் தொடங்குகிறது.

உண்மை: 2017 மே மாதம் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதல் 1,300 வீடுகளின் வேலை, 45 இடங்களில் தொடங்கிவைக்கப்பட்டது 2024 பெப்ரவரியில். இடையில் ஏறத்தாழ ஏழு வருடங்கள். ஒப்பந்தம், காணி, செலவு மதிப்பீடு, பயனாளிகள் தெரிவு எல்லாம் அடிக்கல்லுக்கு முந்திய கட்டங்கள். இழுபறி அதிகம் நடப்பதும் அங்கேதான். மேடை போட்ட பிறகு கேள்வி கேட்டால் முக்கியமான முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

நம்பிக்கை: காணி கம்பனியுடையது, தொரை தலையாட்டினால் போதும்.

உண்மை: 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி அவற்றுக்குக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. எனவே வீட்டுக்குக் காணி ஒதுக்க, கம்பனி விட்டுக்கொடுக்கவும் வேண்டும், அரசு கையளிக்கவும் வேண்டும். சப்ரகமுவவில் தனியார் தோட்டங்களும் ஏராளம். அங்கே காணிக்காரரே வேறு ஆள், வழியும் வேறு. ஆகவே “இது யாருடைய காணி?” என்பதே எந்தத் திட்டத்துக்கும் முதல் கேள்வி.

நம்பிக்கை: தோட்டத்துக்குள் பிரதேச சபைக்கு வேலையில்லை.

உண்மை: நெடுங்காலம் சட்டமே அப்படித்தான் தடுத்து வைத்திருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. வீட்டுக்குப் போகும் பாதையைப் பற்றிச் சபை உறுப்பினரிடம் கேட்பது இன்று உங்கள் உரிமை. ஆனாலும் பல இடங்களில் இன்னும் தொரையிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் மட்டுமே கேட்கிறோம்.

நம்பிக்கை: கண்காணிப்பு என்பது வேலை முடிந்த பின் வரும் சோதனை.

உண்மை: அது முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கூடவே நடக்க வேண்டியது. இரத்தினபுரி, கேகாலை இரண்டும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கடைக்கால் வெட்டுமுன்னே பார்க்க வேண்டும். அறிக்கை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மீரியபெத்தைத் தோட்டமே சாட்சி. 2005இலும் 2011இலும் அங்கே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் தெரிந்திருந்தது. குடும்பங்களை இன்ன தேதிக்குள் இன்னார் இடம்மாற்ற வேண்டும் என்ற பொறுப்புதான் எவர் தலையிலும் உறுதியாக விழவில்லை.

நம்பிக்கை: வீடு பெறும் குடும்பம் வாங்கிக்கொள்ளும் தரப்பு மட்டுமே.

உண்மை: வீட்டுத்திட்டங்களில் உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையும் உண்டு. அந்த முறையில் குடும்பமே கட்டுவிக்கும் தரப்பு. பணம் கட்டம் கட்டமாக அதன் கைக்கு வரும். எந்த முறையானாலும், குடும்பத்தைப் போல அதிகாரம் குறைவாகவும் பாதிப்பு அதிகமாகவும் உள்ள தரப்பைத் திட்டமிடும்போதே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கொழுந்து பறிக்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை.

நம்பிக்கை: சாவி கொடுத்தால் திட்டம் முடிந்தது.

உண்மை: தண்ணீர், மின்சாரம், பாதை வந்து, காணி உறுதி குடும்பத்தின் பெயரில் பதிவானால்தான் முடிந்தது. உறுதி இல்லாத வீட்டை வைத்து வங்கிக் கடனும் எடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். காணி, மண்சரிவு அறிக்கை, பணம், தண்ணீர், பாதை, உறுதி என்று ஆறு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பொறுப்பானவரின் பெயரையும் தேதியையும் கேட்டு எழுதுங்கள். பெயர் விழாத வரியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.