ஐரோப்பியக் கோப்பை பிறந்த வரலாறு

தன் ஊர்த் திடலில் ஒரு மாலைப்பொழுதிற் பெற்ற வெற்றியைக் கொண்டு, உலகிலேயே தலையாய கழகம் தானே என ஒரு கால்பந்துக் கழகம் கூறிக்கொள்ளலாமா? ஐரோப்பியக் கழகங்கள் ஆண்டுதோறும் பொருதும் பெரும் பந்தயம் இவ்வினாவினின்றே தோன்றியது என்பதை நேயருட் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கக் கருதுகின்றோம்.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில், அந்நகரத்து உல்வ்ஸ் கழகமும் ஹங்கேரி நாட்டு ஹொன்வெட் கழகமும் எதிர்த்தாடின. முந்திய ஆண்டு வெம்பிளித் திடலில் இங்கிலாந்தை 6-3 என முறியடித்த ஹங்கேரிய வீரர் பலர் ஹொன்வெட்டில் இருந்தனர். அவருள் முதல்வர் புஷ்காஷ். முற்பாதியில் ஹொன்வெட் இரண்டு கோல் முந்திற்று. ஆனால் உல்வ்ஸின் மேலாளர் கல்லிஸ் முன்னரே திடலில் நீர் பாய்ச்சுவித்திருந்தார். சேறு மிக மிக, பந்தை விரைந்து கடத்தும் ஹங்கேரியர் தளர்ந்தனர்; உல்வ்ஸ் 3-2 என வென்றது. உலக வாகையர் நாமே என்னும் முழக்கம் ஆங்கில நாளிதழில் எழுந்தது.

பிரெஞ்சு விளையாட்டு நாளிதழாகிய 'லெக்கிப்'பின் ஆசிரியர் காப்ரியேல் ஹனோ இதற்கு இசைந்திலர். உல்வ்ஸ் மாஸ்கோவிற்கும் புடாபெஸ்டிற்கும் சென்று ஆடிய பின்னரன்றோ அங்ஙனம் கூறல் தகும் என எழுதினார். எதிரிகள் இருவரும் ஒருவர் திடலில் ஒரு முறையும் மற்றவர் திடலில் ஒரு முறையும் ஆடல் வேண்டும் என்பது அவர் திட்டம். நடு ஐரோப்பாவில் 1927இல் தொடங்கிய மித்ரோபா கோப்பையிலும் இம்முறை உண்டு. கண்டம் முழுவதற்கும் அதனை விரித்தமை ஹனோவின் சிறப்பாகும். சேறும் நீரும் ஒரு பக்கத்தார்க்கே துணையாகாவாறு காக்கும் இவ்விதியையே அப்பந்தயத்தின் உயிர் என்போம்.

1955 செப்டம்பர் 4ஆம் நாள் லிஸ்பனில் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. கலந்துகொண்ட கழகங்கள் 16. முழக்கம் எழுந்த இங்கிலாந்தினின்று ஒன்றேனும் வந்திலது! செல்ஸி கழகத்தை அந்நாட்டு லீக் நிருவாகத்தார் தடுத்துவிட்டனர். ரியால் மாட்ரிட் முதற் கோப்பையையும், அடுத்து 1960 வரை நான்கு கோப்பைகளையும் கைக்கொண்டது.

ஹொன்வெட்டின் கதி யாதாயிற்று? 1956இல் அவர்கள் வெளிநாடு சென்றிருந்த காலை, தாய்நாட்டில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத்துப் படை அடக்கிற்று. தம் திடலில் ஆட வேண்டிய மறு ஆட்டத்தை அவர்கள் ப்ரஸ்ஸெல்ஸ் நகரில் ஆடி, பில்பாவோ கழகத்திடம் மொத்தம் 6-5 எனத் தோற்றனர். பின்னர்ப் புஷ்காஷ் முதலிய சிலர் நாடு திரும்பிலர். அவர் 1958இல் ரியால் மாட்ரிட்டிற் சேர்ந்து, 1960இல் கிளாஸ்கோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் தாம் ஒருவராகவே நான்கு கோல் அடித்தார். ஃப்ராங்ஃபர்ட் கழகம் 7-3 எனத் தோற்றது.

இங்கிலாந்திலும் ஒருவர் துணிந்தார். மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் மாட் பஸ்பி, லீக்கின் கருத்திற்கு மாறாக 1956இல் தம் குழுவினரை இப்பந்தயத்திற்கு அழைத்துச் சென்றார். 1958 பிப்ரவரி 6ஆம் நாள், பெல்கிரேடில் ஆடித் திரும்புகையில், மியூனிக்கில் விமானம் விபத்துற்றது. 23 பேர் மாண்டனர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். பஸ்பி பிழைத்தெழுந்து, பத்தாண்டுகளின் பின், 1968இல் அக்கோப்பையை வென்றார். விபத்திற் பிழைத்த பாபி சார்ல்டன் அவ்விறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார்.

1992இல் இப்பந்தயம் சாம்பியன்ஸ் லீக் எனப் பெயர் மாறிற்று. தத்தம் நாட்டு வாகையர்க்கே உரியதாயிருந்த வாயில், 1997 முதல் பெரிய லீக்குகளின் இரண்டாம் இடத்தார்க்கும் திறந்தது. பின்னர் நான்காம் இடத்தார்க்கும் திறந்தது. பெயருக்கும் பொருளுக்கும் இயைபின்மை காண்க. 1996 முதல் 2025 வரை இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளுக்கு அப்பால் கோப்பை சென்றது இருமுறையே: 2004இல் போர்த்துகலின் போர்ட்டோவிற்கு, 2025இல் பாரிசுக் கழகத்திற்கு. 2024இல் வகுத்த புதிய அமைப்பின்படி, முதற்கட்டத்தில் 36 கழகங்களும் ஓர் எதிரியோடு ஒரே முறைதான் ஆடுகின்றன. ஹனோ விரும்பிய இருதிடல் முறை, அதன் பின்வரும் வெளியேற்றச் சுற்றுகளில் நிலவுகின்றது.